ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளை முறுக்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஹேண்ட் பிரேக்கின் அருமை தெரியும். ரோட்டைவிட வீடு ஒன்று மேட்டில் இருக்கும், இல்லையென்றால் பள்ளத்தில் இருக்கும். சமதரையில் கார் நிறுத்த இடம் வாய்த்தவர்கள் குறைவு. எங்கள் வீட்டுக்கு ஏறுவதும் ஒரு சரிவான செம்மண் பாதைதான். ஒரு மழைநாள் சாயங்காலம் காரை அதில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. கார் பைய, மிகவும் பைய, பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு நிமிடம் முன்புதான் அந்தப் பக்கத்துக் கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்திருந்தார். கார் பலாமரத்தில் முட்டி நின்றது.

அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "ஹேண்ட் பிரேக் லூசாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தேன். இரண்டு தடவையும் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டை முறுக்கிக் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. லிவரும் கெட்டியாகிவிடும். பின்சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன நிலைமை என்று ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஸ்பானர் பிடித்தே பழக்கம் இல்லாதவருக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு விஷயம். இங்கே ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். நான் சொல்லப்போவது டிரம்மைப் பற்றி மட்டும். உங்கள் காரில் பின்னாலும் டிஸ்க் இருந்தால் அமைப்பே வேறு.

பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அழுத்தினால் நாம் எல்லாரும் முன்னால் சாய்கிறோமே, அதேதான். அதனால் முன்சக்கரங்கள் ரோட்டை நன்றாகப் பற்றும், பின்சக்கரங்களின் பிடி குறையும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான் நடக்கிறது. பின்னால் அவ்வளவு பலம் தேவையில்லை, செலவு குறைந்த டிரம் போதும். டிரம்முக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஹேண்ட் பிரேக்கை அதற்குள்ளேயே எளிதாகச் சேர்த்துவிடலாம். ஆனால் டிஸ்க் பிரேக்கின் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வீலின் இடுக்கு வழியாகவே பார்த்துவிடலாம். டிரம் மூடிய பெட்டி. உள்ளே இருக்கும் ஷூ தேய்ந்து தீர்ந்தாலும் வெளியே தெரியாது. முன்பிரேக் பெரும்பாலான வேலையைப் பார்ப்பதால், கார் ஓட்டும்போதும் வித்தியாசம் தெரியாது. சரிவில் நிறுத்தும் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒரு பெரிய சருவத்தை, அதாவது வாயகன்ற வட்டப் பாத்திரத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கவாட்டில் சாய்த்து யாரோ சுற்றிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு கையையும் உள்ளே விட்டு, உள்ளங்கைகளை அதன் உட்சுவரில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்துகிறீர்கள். உரசலில் சருவம் நிற்கும். அந்தச் சருவம்தான் டிரம். அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். உங்கள் இரண்டு கைதான் இரண்டு பிரேக் ஷூ. பிறைநிலா போல வளைந்த இரும்பு, அதன் வெளிவளைவில் ஒட்டிய உரசும் பட்டை. அந்தப் பட்டைக்கு லைனிங் என்று பெயர். ஷூக்கள் சுற்றுவதில்லை. காரின் அச்சோடு நிலையாக இருக்கும் பேக் பிளேட் என்ற தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்.

சருவ உதாரணத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். சுற்றும் சருவம் உங்கள் கையையும் தன்னோடு இழுக்கும். ஒரு கை அந்த இழுப்பில் இன்னும் அழுத்தமாகச் சுவரில் போய்ப் படியும், மற்றதைச் சுவர் உள்ளே தள்ளிவிடப் பார்க்கும். டிரம்மிலும் அப்படித்தான். ஒரு ஷூ டிரம்மின் சுழற்சியாலேயே கூடுதல் பலம் பெறுகிறது. அந்த ஷூ பொதுவாகச் சீக்கிரம் தேயும். ஆகவே திறந்து பார்க்கும்போது இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும்.

டிரம்முக்குள் பத்துப் பதினைந்து சாமான் இருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. ஆனால் அத்தனை சாமானுக்கும் சேர்த்து இருப்பது நாலே வேலைதான். அதைப் புரிந்துகொண்டால், எந்த ஸ்பிரிங் எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஸ்பிரிங்கே சொல்லிவிடும்.

முதல் வேலை, ஷூவை வெளியே தள்ளுவது. இதைச் செய்வது மேலே இருக்கும் வீல் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏறுகிறது. மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது. சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், ஆளுக்கொரு ஷூவைத் தள்ளுகின்றன.

இரண்டாவது, காலை எடுத்ததும் ஷூவைத் திரும்ப உள்ளே இழுப்பது. ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் இதற்குத்தான். நல்ல முறுக்கமான ஸ்பிரிங். கழற்றும்போது கண்ணில் அடிக்கும் அளவுக்குப் பலம் உண்டு. இதோடு ஒவ்வொரு ஷூவையும் பேக் பிளேட்டோடு சேர்த்துப் பிடிக்க ஆணி போன்ற ஒரு பின்னும் சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும்.

மூன்றாவது, ஹேண்ட் பிரேக். கேபிள் வந்து ஒரு ஷூவின் பின்னால் இருக்கும் சின்ன லிவரை இழுக்கிறது. அந்த லிவர், இரண்டு ஷூவுக்கும் நடுவில் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டைத் தள்ளி, இரண்டையும் விரிக்கிறது. ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் ஆயில் முழுக்க ஒழுகிப்போனாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கும்.

நாலாவது வேலையில்தான் என் கார் பலாமரத்தில் முட்டிய கதை இருக்கிறது. லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்த இடைவெளியை யாராவது குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதைச் செய்வது அட்ஜஸ்டர். அந்தக் குறுக்குத் தண்டிலேயே பல்சக்கரமோ பல்வரிசையோ இருக்கும். இடைவெளி ஓர் அளவுக்கு மேல் போனால், பிரேக் போடும்போது அது ஒரு பல் நகர்ந்து தண்டைக் கொஞ்சம் நீளமாக்கும். ஷூ பழையபடி டிரம்முக்குப் பக்கத்தில் வந்துவிடும். இது நல்லபடியாக நடந்தால் ஷூ முக்கால்வாசி தேய்ந்த பிறகும் ஹேண்ட் பிரேக் லிவர் அதே அளவுதான் மேலே வரும்.

அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டால்? இடைவெளி கூடும். லிவர் ஐந்து கிளிக்கில் நின்றது எட்டு, பத்து என்று ஏறும். அந்த நேரத்தில் கேபிளை முறுக்கினால் லிவர் கீழே வந்துவிடும், பார்ப்பதற்குச் சரியானது போலவே இருக்கும். ஆனால் கேபிள் எப்போதும் இழுபட்டே இருப்பதால், டிரம்முக்குள் இருக்கும் சின்ன லிவர் தன் பழைய இடத்துக்குத் திரும்பாது. அது திரும்பினால்தான் பல அட்ஜஸ்டர்கள் அடுத்த பல்லைப் பிடிக்க முடியும். ஆக, கேபிளை முறுக்குவது நோயை மறைப்பது மட்டுமில்லை, கொஞ்சநஞ்சம் வேலை செய்யும் அட்ஜஸ்டரையும் நிறுத்திவிடுகிறது. முதலில் ஷூ இடைவெளி, கடைசியில் கேபிள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நம் மாவட்டத்தில் அட்ஜஸ்டர் இறுகுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் வீடு இருந்தால் உப்புக்காற்று வேறு. காரின் பெயிண்டில் துரு தெரிகிற முன்னாலேயே டிரம்முக்குள் அது வேலையைத் தொடங்கியிருக்கும்.

எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டால், லிவர் வழக்கத்தைவிட மேலே வந்தாலே பார்க்கலாம். பெடல் முன்பைவிட ஆழமாக இறங்குவது, பின்னால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம், ஓட்டி நிறுத்தியபின் ஒரு பின்சக்கரம் மட்டும் கொதிப்பது, பின் டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக்கறை, இவை எல்லாம் உடனே பார்க்க வேண்டியவை. ஈரக்கறை என்றால் பெரும்பாலும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டிக்கொண்டு திரியக் கூடாது.

வீட்டில் இந்த வேலையைச் செய்யலாமா? ஷூ மாற்றுவதைச் செய்யலாம் என்பது என் கருத்து, ஆனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்குத் தக்கலைப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, தன் கையால் ஒன்றையும் தொடாமல் என்னையே செய்ய வைத்தார். அதைப் போல நல்ல பாடம் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

வேலை தொடங்கும் முன் உங்கள் காரில் டிரம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகையில் டிரம் வீல் போல்ட்டுகளின் மேல் சும்மா மாட்டியிருக்கும், சக்கரத்தைக் கழற்றியதும் இழுத்து எடுத்துவிடலாம். இன்னொரு வகையில் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும். மாருதியின் பல சின்னக் கார்கள் இப்படித்தான். நடுவில் ஒரு தகர மூடி, அதற்குள் பெரிய நட், நட்டின் விளிம்பைத் தட்டி நசுக்கி லாக் செய்திருப்பார்கள். திரும்பப் போடும்போது புது நட் போட்டு, நூறு நியூட்டன் மீட்டருக்கும் மேல், அந்தக் காருக்குச் சொன்ன அளவில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். அந்த ரெஞ்ச் கையில் இல்லாதவர்கள் இந்த இரண்டாவது வகையை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அது போதும். எங்கள் கார் முதல் வகை.

ஷூ வாங்கும்போது நாலும் சேர்ந்த செட்டாக வாங்க வேண்டும், இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பிரிங் செட்டும் தனியாகக் கிடைக்கும். நம் ஊர் துருவுக்கு அதையும் சேர்த்து மாற்றுவதே நல்லது, விலை அதிகம் இல்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும்போது காரின் மாடல், வருஷம் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வந்த காரில்கூட வருஷத்துக்கு வருஷம் டிரம் அளவு மாறியிருக்கும். பிரேக்கில் மலிவான டூப்ளிகேட் வாங்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். மழை இல்லாத நாளாக, சமதரையாகப் பாருங்கள். எங்கள் முற்றம் சரிவு என்பதால் நான் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் களத்தில் போய்ச் செய்தேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் டிரம் கழலாது, ஆகவே அதை முழுக்க இறக்கிவிட வேண்டும். அப்படியானால் காரைப் பிடித்து நிறுத்துவது எது? முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் கட்டைதான். சின்னக் கல்லை முட்டுக்கொடுக்காதீர்கள், நல்ல ஆப்பு வடிவக் கட்டை வேண்டும். கியரையும் போட்டுவைக்கலாம். ஆனால் ஆம்னி, ஈகோ போலப் பின்சக்கரத்தை எஞ்சின் சுற்றும் வண்டிகளில், பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு கியர் எதையும் பிடிக்காது. அங்கே கட்டை மட்டுமே கதி.

வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டு, அப்புறம் ஜாக்கியை ஏற்றுங்கள். தரை மண்ணாக இருந்தால் ஜாக்கி அமுங்கும், அடியில் ஒரு கனமான அயனிப் பலகை போட்டுக்கொள்ளலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் காரைத் தாங்குவது, அதற்கென்றே உள்ள இரும்பு ஸ்டாண்டாக இருக்க வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஹாலோ பிளாக் உடைவதற்கு முன் எந்த அறிகுறியும் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இதில் நான் கறாராகத்தான் இருப்பேன். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கப் போட்டுவைப்பது இன்னொரு காவல்.

டிரம் எளிதில் வராது. துரு அதை நடுப்பகுதியோடு ஒட்டவைத்திருக்கும். பல டிரம்களில் மரையுள்ள ஓட்டை இரண்டு இருக்கும், பொதுவாக 8 மில்லி போல்ட்டுக்கு. அதில் இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். நான் ஒரே பக்கம் நின்று சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தேன். "பைய அடி மக்கா, வட்டம் முழுக்க அடி" என்றார் அண்ணன். சுற்றிலும் மெதுவாகத் தட்டியதும் துருப்பொடி உதிர்ந்து, ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது. அப்புறம் போல்ட்டை முறுக்க, "டக்" என்று விட்டுக்கொடுத்தது. அப்படியும் வரவில்லை என்றால் டிரம்மின் உள்விளிம்பில் தேயாத மேடு ஷூவில் மாட்டுகிறது என்று பொருள். பேக் பிளேட்டில் ரப்பர் மூடி போட்ட சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் தளர்த்த வேண்டும்.

திறந்ததும் உள்ளே கறுப்புப் பொடி குவிந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருக்கிறார்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

இப்போது கருவியைத் தொடாமல் போனை எடுங்கள். நேரே, பக்கவாட்டில், ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கொக்கி எந்த ஓட்டையில் இருக்கிறது என்று கிட்டத்தில், இப்படிப் பத்துப் படமாவது எடுங்கள். இன்னொரு பெரிய பாதுகாப்பு: ஒரு பக்கத்தை முழுக்க முடிக்காமல் அடுத்த பக்கத்தைப் பிரிக்கக் கூடாது. குழப்பம் வந்தால் மறுபக்கம் அப்படியே மாதிரியாக இருக்கும், இடம் வலம் மாறியிருப்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கவே கூடாது. தடுக்க டிரம் இல்லாததால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தெறித்து, ஆயிலும் கொட்டிவிடும். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டிவைத்தேன், வீட்டில் யாரும் மறந்துபோய் உட்கார்ந்துவிடக் கூடாது என்று.

எங்கள் காரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதில் நாலைந்து மில்லி இருந்திருக்க வேண்டிய லைனிங், ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வந்திருந்தது. அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிளேயரால் பிடித்தும் அசையவில்லை. அதன் மரை முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. சிலிண்டரின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் தொப்பியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் காட்டினார். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஆயில் வழிந்தால் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். எங்களுடையது காய்ந்திருந்தது.

கழற்றும் வரிசை காருக்குக் கார் கொஞ்சம் மாறும். ஷூவைப் பிடிக்கும் பின்னை முதலில் எடுப்போம்: பேக் பிளேட்டின் பின்னால் ஒரு விரலால் ஆணியின் தலையை அழுத்திப் பிடித்து, முன்னால் கிண்ணம் போன்ற மூடியைப் பிளேயரால் அமுக்கிக் கால்வட்டம் திருப்பினால் கழன்றுவிடும். அப்புறம் ரிட்டர்ன் ஸ்பிரிங். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை நேரே வைக்காமல் இழுங்கள். இரண்டு ஷூவையும் சேர்த்து முன்னால் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் கேபிளின் முனையை லிவரிலிருந்து கழற்ற வேண்டும். இந்த ஓரிடத்தில்தான் முதல் தடவை அரைமணி நேரம் போகும். கேபிளின் ஸ்பிரிங்கைப் பிளேயரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முனையை லிவரின் கொக்கியிலிருந்து பக்கவாட்டில் நழுவவிட வேண்டும். பல செட்டுகளில் அந்தச் சின்ன லிவர் புது ஷூவோடு வராது. பழையதிலிருந்து கிளிப்பை எடுத்துப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும்.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புதுக் கார்களுக்கு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், பிற்காலத்துக் கார் என்றால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சென்சார் வயர் ஓடும். இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வெளியே வந்ததும் பேக் பிளேட்டைத் துடைத்தால், ஷூவின் விளிம்பு உரசும் சின்ன மேடுகள் பளபளவென்று தெரியும். அந்த மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், பொட்டு வைக்கிற அளவு. கூடினால் சூட்டில் உருகி லைனிங்கில் படும், கிரீஸ் பட்ட லைனிங் பிடிக்காது. அட்ஜஸ்டரைத் தனியே எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரலால் தட்டினாலே சுழலும்வரை விடக் கூடாது. மரையில் அதே கிரீஸ் கொஞ்சம். மரை அரித்துப்போயிருந்தால் புதிது வாங்குங்கள். பல்சக்கர அட்ஜஸ்டரில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால், இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

டிரம்மின் உட்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஆழமான வரிப்பள்ளம் நகத்தில் தட்டினால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடையலாம். ஆனால் எவ்வளவு வரை கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே எழுத்தாக வார்த்திருக்கும். அதைத் தாண்டினால் டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்காது. புது டிரம்தான் வழி. கடைந்தாலும் புதிது என்றாலும், பிரேக் கிளீனரால் துடைத்து எண்ணெய்ப்பசை இல்லாமல் செய்த பிறகே மாட்ட வேண்டும். லைனிங்கின் முகத்தையும் கிரீஸ் பட்ட கையால் தொட வேண்டாம்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. போனில் இருக்கும் படத்தையும் அந்த நாலு வேலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: தள்ளும் பிஸ்டனின் பள்ளத்தில் இரண்டு ஷூவும் உட்கார்ந்திருக்கிறதா? இழுக்கும் ஸ்பிரிங்கின் கொக்கி சரியான ஓட்டையில் இருக்கிறதா? ஹேண்ட் பிரேக் லிவர் முழுக்கப் பின்னுக்கு வந்து ஓய்வாக நிற்கிறதா? அட்ஜஸ்டர் நகர்கிறதா? புது ஷூ கனமாக இருப்பதால் டிரம் உள்ளே போகாது. அட்ஜஸ்டரைக் குறைத்துக்கொண்டு டிரம்மைப் போட்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். டிரம்மைக் கையால் சுற்றினால் "ஸ்ஸ்" என்று மிக லேசான உரசல் மட்டும் கேட்க வேண்டும். கைக்குத் தடை தெரிந்தால் ஒன்றிரண்டு பல் பின்னே போங்கள். இரண்டு பக்கமும் முடித்து டிரம் போட்ட பிறகு, எஞ்சின் ஓடாமல் பெடலைப் பத்திருபது தடவை மெதுவாக மிதித்தால் ஷூ நடுவில் வந்து உட்காரும்.

இப்போதுதான் கேபிளுக்கு முறை. மேனுவலில் சொன்ன கிளிக்கில் லிவர் நிற்கும்படி நட்டைத் திருப்புங்கள். லிவரை இறக்கியதும் இரண்டு பின்சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும், அதுதான் அளவு. எங்கள் காரில் முந்தைய இரண்டு முறை முறுக்கியதையும் திரும்ப இளக்க வேண்டிவந்தது.

வீல் சிலிண்டரை மாற்றியிருந்தால் மட்டும் இன்னொரு வேலை மிச்சம்: குழாயில் புகுந்த காற்றை எடுப்பது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து, காற்றுக்குமிழும் ஆயிலும் வெளியேறியதும் மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். குமிழ் வராமல் ஆகும்வரை இது தொடரும். மேலே ஆயில் தொட்டி காலியாகாமல் பார்ப்பது முக்கியம். ஏபிஎஸ் உள்ள காரில் தொட்டி காலியாகி யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் வீட்டில் எடுப்பது கஷ்டம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் அடிவரை போகும். நம் ஈரக்காற்றில், திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் மேனுவலில் சரியான எண் உண்டு. ரோட்டில் இறங்கும் முன்பே பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். முற்றத்திலேயே நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பெடல் பஞ்சு போல இருந்தால் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. முதல் சில நாள் திடீர் பிரேக் தவிர்த்து மிதமாக ஓட்டினால் லைனிங் டிரம்மின் வளைவுக்குப் பழகிவிடும். ஓரிரு நாள் கழித்து வீல் நட்டை ஒருமுறை சரிபார்த்து, டயரின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

நாஞ்சில் நாட்டு வயல் ரோடுகளில் தண்ணீர் ஏறி நிற்கும்போது அதைக் கடந்து வந்தால், டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து கொஞ்ச நேரம் பிரேக் பிடிக்காது. பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக அழுத்திப் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும். நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வெளியூர் போகிறவர்கள் சமதரையில் நிறுத்தி, கியர் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவைத்துப் போகலாம்.

அன்று வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதே செம்மண் சரிவில் காரை ஏற்றி, டயருக்குப் பின்னால் அந்த ஆப்புக்கட்டையை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஆறாவது கிளிக்கில் லிவர் நின்றது. காலைப் பெடலிலிருந்து எடுத்தேன். கார் அசையவில்லை. அண்ணன் கீழே நின்று டயருக்கும் கட்டைக்கும் இடையில் இருந்த அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தார், "இறங்கு மக்கா" என்று சொல்லும்வரை.